வெளிச்சத்தில் எதற்கு பேஸ் மாடல், டாப் மாடல்?



இது நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீர்கள். கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது.

புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எந்த வேரியன்ட் எடுக்கலாமுங்க சார்? பேஸ் மாடல் போதுமா, இன்னும் ஒன்றரை லட்சம் சேர்த்துப் போட்டு மேலே போகலாமா?" சன்ரூஃப், டச் ஸ்கிரீன், அலாய் வீல் பற்றியெல்லாம் விவரமாகக் கேட்கிறீர்கள். ஹெட்லைட் என்ன, டெயில் லைட் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒளியியல் நடத்தியவன் என்பதால் கேட்காமலே சொல்கிறேன். பேஸ் மாடலுக்கு ஒரு வெளிச்சம், டாப் மாடலுக்கு ஒரு வெளிச்சம் என்று கார் கம்பெனிகள் விற்பது தவறு. அதை அனுமதிக்கிற விதியும் தவறு. காரில் எதை வேண்டுமானாலும் வசதிக்குத் தக்கபடி பிரித்து விற்கட்டும். ஹெட்லைட்டையும் டெயில் லைட்டையும் அப்படி விற்கக் கூடாது.

ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நடப்பைப் பார்ப்போம். 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வீதிக்கு இரண்டு ஸ்விஃப்ட் நிற்கிறது என்பதால் அதைச் சொல்கிறேன், வேறு பகை ஒன்றும் இல்லை. எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ எடுத்தால் ஹாலஜன் பல்பு வைத்த புரொஜெக்டர் விளக்கு. இசட்எக்ஸ்ஐக்குப் போனால்தான் எல்.இ.டி. ஹெட்லைட். இத்தனைக்கும் எஞ்சின் அதேதான். 6 ஏர்பேக் எல்லா வகைக்கும் உண்டு. வேகத்தில் வித்தியாசம் இல்லை, அந்த வேகத்துக்கு வழி காட்டும் விளக்கில் மட்டும் வித்தியாசம்.

இது ஒரு கம்பெனியின் பழக்கம் இல்லை. இன்று இந்தியாவில் கார் விற்கிற பெரும்பாலான கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன. கீழே இருந்து மேலே போகப் போக ஹாலஜன் போய் எல்.இ.டி. வரும். அப்புறம் பகலில் எரியும் டி.ஆர்.எல். வரும். இருட்டினால் தானாக எரியும் ஆட்டோ ஹெட்லைட் வரும். வளைவில் ஓரத்தைக் காட்டும் கார்னரிங் விளக்கு வரும். பின்னால் சாதாரண பல்பு போய் எல்.இ.டி. டெயில் லைட் வரும். சில கார்களில் மேல் வகைக்கு டிக்கி முழுக்க ஒரே கோடாகச் சிவப்பாய் எரியும். கீழ் வகையில் அதே இடத்தில் எரியாத பிளாஸ்டிக் பட்டை இருக்கும். தூரத்தில் வரும்போதே இவன் எத்தனை லட்சம் கொடுத்தவன் என்று தெரிந்துவிடும். விளக்கை அந்தஸ்துப் பலகையாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. சன்ரூஃப் யாருக்கு? உள்ளே இருப்பவருக்கு. சீட்டுத் தோல், பாட்டுப் பெட்டி, ஏ.சி. எல்லாம் உள்ளே இருப்பவருக்கு. காசு கொடுத்தவர் அனுபவிக்கட்டும். ஹெட்லைட் யாருக்கு? பாதி உனக்கு. மீதிப் பாதி, ராசிபுரம் ரோட்டில் இடது ஓரமாக சைக்கிளில் போகிற ஆளுக்கு. உன் வெளிச்சம் அவர்மேல் விழவில்லை என்றால் அடிபடுவது அவர். உன் வெளிச்சம் எதிரே மொபெட்டில் வருகிறவர் கண்ணில் அடித்தால் பள்ளத்தில் இறங்குவது அவர். டெயில் லைட் என்றால் முழுக்கவே பின்னால் வருகிறவருக்கு. உன் டெயில் லைட்டை நீ ஓட்டும்போது ஒரு நாளும் பார்க்கப் போவதில்லை.

அப்படியானால் நீ எந்த வேரியன்ட் எடுத்தாய் என்பதை வைத்து அந்த சைக்கிள்காரரின் உயிர் முடிவாவது என்ன நியாயம்? அவர் ஷோரூமுக்கு வந்து கையெழுத்துப் போட்டாரா? "வாங்குகிறவருக்குத் தேர்வுச் சுதந்திரம் இருக்கிறது" என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர் என்றால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் இல்லை.

இந்தக் கொள்கையை அரசாங்கமே ஒரு இடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும். பட்டப்பகலில் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த வெளிச்சம் தேவையில்லை. மற்றவர்கள் அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. அந்த விதியில் பேஸ் மாடலுக்கு விலக்கு கொடுத்தார்களா? இல்லை. எல்லா பைக்குக்கும், எல்லா ஸ்கூட்டருக்கும் ஒரே சட்டம்.

இனி கணக்கு. பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின், காய்ந்த தார் ரோட்டில் நொடிக்கு நொடி 6 மீட்டர் வேகம் குறைகிறது என்றால், நிற்க இன்னும் 41 மீட்டர். மொத்தம் 74 மீட்டர். 60 கிலோமீட்டரில் இதே கணக்கு 48 மீட்டர். 100 கிலோமீட்டரில் 106 மீட்டர். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது.

இப்போது விளக்குப் பக்கம் வருவோம். டிம் லைட், அதாவது லோ பீம், எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் கொஞ்சம் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருக்கும். பொதுவாக 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதன் வெட்டுக்கோடு 65 மீட்டர் தூரத்தில் ரோட்டைத் தொடும். அதற்கு அப்பால், இடது ஓரத்தில் மட்டும் மேலேறுகிற சின்ன முக்கோணத்தைத் தவிர, வெளிச்சம் சொற்பம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவை 74 மீட்டர், வெளிச்சமோ 65 மீட்டர். நல்ல விளக்குக்கே இந்த நிலை. அந்த 65 மீட்டருக்குள்ளும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, ஓரம் வரைக்கும் பரவுகிறதா, வளைவில் போகும்போது ரோடு தெரிகிறதா, வயலா தெரிகிறதா என்பதில்தான் விளக்குக்கு விளக்கு வித்தியாசம். கறுப்புச் சட்டை போட்டு நடக்கிற ஆளை 60 மீட்டரில் காட்டுகிற விளக்கும் உண்டு, 35 மீட்டரில் காட்டுகிற விளக்கும் உண்டு. அந்த 25 மீட்டர்தான் அவருக்கு ஆயுள்.

"சட்டப்படி பாஸான விளக்குதானே சார் எல்லா வேரியன்ட்டிலும் இருக்கிறது?" என்று இன்ஜினியர் பிள்ளைகள் கேட்பீர்கள். 35 மார்க் எடுத்தவனும் பாஸ், 95 எடுத்தவனும் பாஸ். நம் விதிகள் பெரும்பாலும் விளக்கைத் தனியாக ஆய்வகத்தில் வைத்து, 25 மீட்டர் தூரத்துத் திரையில் இன்ன புள்ளியில் இவ்வளவு வெளிச்சம் விழுகிறதா, இன்ன புள்ளியில் இதற்கு மேல் விழாமல் இருக்கிறதா என்று பார்க்கிற விதிகள். அவை அவசியம்தான். ஆனால் காரில் மாட்டியபின் ரோட்டில் அந்த விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் சொன்னார்கள். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, ஐ.ஐ.எச்.எஸ். என்று பெயர். 2016இல் அவர்கள் 31 நடுத்தர அளவு கார்களை ராத்திரியில் சோதனைத் தடத்தில் ஓட்டி ஹெட்லைட்டை அளந்தார்கள். 31இல் 'நன்று' என்று பெயர் வாங்கியது ஒரே ஒரு கார், டொயோட்டா பிரையஸ் வி. அதுவும் விலை கூடிய வகையில் மட்டும் வரும் எல்.இ.டி. விளக்கு இருந்தால்தான். அதே பிரையஸ் வி காரின் சாதாரண ஹாலஜன் விளக்கு 'மோசம்' என்று மதிப்பு வாங்கியது. ஒரே காருக்கு, முதல் மார்க்கும் கடைசி மார்க்கும்! அந்த எல்.இ.டி. வெளிச்சத்தில் மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்திலும் நேர் ரோட்டில் தடையைப் பார்த்து நிறுத்திவிடலாம். அந்தச் சோதனையில் கடைசி இடம் வாங்கியது பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் ஹாலஜன் விளக்கு. அதை வைத்துக்கொண்டு 56 கிலோமீட்டருக்குள் போனால்தான் நேரத்துக்கு நிறுத்த முடியும். விலை உயர்ந்த கார், விளக்கு ஃபெயில். எல்லாமே சட்டப்படி பாஸான விளக்குகள்தான்.

அதன்பின் 2021இல் அதே நிறுவனம் விபத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. மோசமான விளக்குள்ள வண்டிகளைவிட நல்ல விளக்குள்ள வண்டிகளில், ராத்திரியில் தனி வண்டி விபத்து 19 சதவீதம் குறைவு, நடந்து போகிறவர்மேல் மோதுவது 23 சதவீதம் குறைவு. அதே 2021இல் அவர்கள் ஒரு விதி போட்டார்கள். உயர்ந்த விருது வேண்டுமென்றால் நல்ல விளக்கு டாப் மாடலில் இருந்தால் போதாது, எல்லா வகையிலும் இருக்க வேண்டும் என்று. கம்பெனிகள் முனகிக்கொண்டே மாற்றின. கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை. இதுதான் பாடம்.

நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் பாரத் என்.சி.ஏ.பி. என்ற நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. நல்ல முயற்சி. மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று பார்க்கிறது. ஆனால் மோதாமல் இருக்க உதவும் ஹெட்லைட்டுக்கு அதில் மார்க் வைக்கவில்லை. 5 நட்சத்திரம் வாங்கிய காரின் கீழ் வகையில் ராத்திரி ரோடு எப்படித் தெரியும் என்பதற்கு அந்த நட்சத்திரம் பதில் சொல்லாது.

இனி நாட்டுக்கு நாடு மாறும் கதை. ஜிம்னி என்ற ஜீப் மாதிரி வண்டி பார்த்திருப்பீர்கள். ஐந்து கதவு ஜிம்னியை ஹரியானாவில் குருகிராமில் செய்கிறார்கள். இங்கே ஜீட்டா, ஆல்ஃபா என்று இரண்டு வகை. ஜீட்டா எடுத்தால் ஹாலஜன், ஆல்ஃபா எடுத்தால் எல்.இ.டி. இதே வண்டி கப்பலேறி ஜப்பானுக்குப் போகிறது. அங்கே ஜிம்னி நோமேட் என்று பெயர். 2025 ஜனவரியில் அறிவித்ததும் நாலே நாளில் 50,000 பேர் பதிவு செய்து, பதிவையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே விற்பது ஒரே வகை, எல்.இ.டி. ஹெட்லைட்டோடு. ஒரே தொழிற்சாலை, ஒரே தொழிலாளி கை. டோக்கியோவின் தெருவிளக்கு வரிசைக்கு நடுவில் ஓடப்போகும் வண்டிக்கு நல்ல விளக்கு. தெருவிளக்கே இல்லாத மோகனூர் ரோட்டுக்கு வரும் வண்டிக்கு, காசு கொடுத்தால் நல்ல விளக்கு. இது எந்த ஊர் நியாயம்?

முடியாது என்பதும் இல்லை. ராஜஸ்தானில் தப்புக்கராவில் செய்கிற ஹோண்டா எலிவேட், அதுவும் ஜப்பானுக்கு வேறு பெயரில் போகிற வண்டிதான். அதில் இங்கே அடிமட்ட எஸ்வி வகையிலேயே எல்.இ.டி. புரொஜெக்டர் ஹெட்லைட் கொடுக்கிறார்கள். ஒருவர் செய்தால் மற்றவர்களாலும் முடியும்.

வெளிநாட்டுக்காரன் எல்லாவற்றிலும் நம்மைவிட மேல் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம் என்று இன்றும் சட்டம் இருக்கிறது. பிரேக்கும் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு. இங்கேயும் ஐரோப்பாவிலும் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறம்தான் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையே 2009இல் ஆராய்ந்து, ஆரஞ்சு இண்டிகேட்டர் உள்ள வண்டியைப் பின்னால் வந்து இடிப்பது சுமார் 5 சதவீதம் குறைவு என்று எழுதியது. இந்த விஷயத்தில் நம் விதி நல்ல விதி. எந்த வேரியன்ட் எடுத்தாலும் இண்டிகேட்டர் ஆரஞ்சுதான். நிறத்தைச் சட்டமாக்க முடிந்தவர்களுக்கு வெளிச்சத்தைச் சட்டமாக்கத் தெரியாதா?

வயதானவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். அம்பாசடர் காலத்தில் வட்ட ஹெட்லைட்தான். மந்திரி காருக்கும் சேலம் ஜங்ஷன் டாக்ஸிக்கும் அதே விளக்கு. உடைந்தால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். அமெரிக்காவிலும் 1940 முதல் 1983 வரை சட்டமே இன்ன அளவு, இன்ன விளக்கு என்று வகுத்து வைத்திருந்தது. பணக்காரன் காருக்கும் ஏழை காருக்கும் ஒரே மாதிரி விளக்கு. இன்றைய கணக்கில் அந்த வெளிச்சம் மங்கல்தான், அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளிச்சத்தில் வகை பிரிப்பது இயற்கை விதி இல்லை, நடுவில் வந்த வியாபாரம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்பக்கத்துக்கு வருவோம். சாதாரண பல்பில் இழை சூடேறி முழுசாக எரிய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். 0.2 நொடி என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 4 மீட்டருக்கு மேல். ஒரு கார் நீளம். பின்னால் பத்து சக்கர லாரி வரும்போது அந்த ஒரு கார் நீளம் யாருக்கு வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று நடு வேரியன்ட்களில் நடக்கிறது. முன்னால் டி.ஆர்.எல். உண்டு, ஆட்டோ ஹெட்லைட் கிடையாது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓட்டுகிறவர் பார்த்தால் முன்னால் வெளிச்சம் தெரிகிறது, மீட்டரும் பளிச்சென்று எரிகிறது. விளக்கு போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலான கார்களில் டி.ஆர்.எல். எரியும்போது டெயில் லைட் எரியாது! பின்னால் முழு இருட்டு. ஐரோப்பாவில் 2011 முதல் புது கார்களுக்கு டி.ஆர்.எல். கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை இங்கே அழகுப் பொருளாக ஒரு வேரியன்ட்டிலும், இருட்டினால் தானாக எரியும் விளக்கை இன்னொரு வேரியன்ட்டிலும் பிரித்து வைத்ததால், பாதுகாப்புக்கு வந்த பொருளே கண்ணை மறைக்கிறது. மத்திய அரசின் விபத்து அறிக்கைகளைப் பாருங்கள். சாயங்காலம் 6 முதல் 9 மணி வரைதான் விபத்து அதிகம், மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒன்று அந்த மூன்று மணி நேரத்தில். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் போய்விட்டார்கள். அத்தனைக்கும் விளக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தி நேரத்தில் விளக்கு ஒரு காரணமே இல்லை என்று சொல்கிறவர் யாராவது இருந்தால் முன்னால் வரட்டும்.

இனி எதிர்வாதங்கள்.

ஒன்று: "விலை கூடிவிடும் சார், ஏழைகள் கார் வாங்க முடியாது." இதே வாதத்தை ஏ.பி.எஸ். வரும்போதும் சொன்னார்கள், ஏர்பேக் வரும்போதும் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் எல்லாப் புது கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாயின. கார் விற்பனை அழிந்தா போனது? ஒரு லட்சத்துக்குள் விற்கும் ஸ்கூட்டர்கள் பலவற்றில் எல்.இ.டி. ஹெட்லைட் வருகிறது. ஏழெட்டு லட்சம் வாங்குகிறவர்கள் அதைக் கொடுக்க முடியாது என்றால் நம்புவதற்கு ஆள் வேறு ஊரில் பார்க்கட்டும்.

இரண்டு: "எல்.இ.டி.தான் சார் கண்ணைக் கூசுகிறது, ஹாலஜனே நல்லது." இதில் உண்மை இருக்கிறது. எல்.இ.டி. என்ற பெயரே தகுதி ஆகாது. நன்றாக வடிவமைத்த ஹாலஜன், மோசமான எல்.இ.டி.யைவிட மேல். அதனால் நான் எல்.இ.டி. வேண்டும் என்று கேட்கவில்லை. ரோட்டில் வைத்து அளந்த நல்ல வெளிச்சம், எதிரே வருகிறவரைக் கூசாத வெளிச்சம், எல்லா வகைக்கும் ஒன்றாக வேண்டும் என்கிறேன்.

மூன்று: "பேஸ் மாடல் எடுத்துவிட்டு வெளியே எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொள்ளலாமே, ஆயிரம் இரண்டாயிரம்தானே?" சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆக்சசரீஸ் கடை வாசலில் தினமும் நடப்பது இதுதான். இங்கேதான் ஒளியியல் வேண்டும். எச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் மறைப்பாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பான், அந்த இழை இருக்கும் இடத்தைக் குவியமாக வைத்து மில்லிமீட்டர் கணக்கில் வடிவமைத்தது. அந்த இடத்தில் வேறு வடிவச் சில்லுகள் ஒட்டிய பல்பைச் செருகினால் குவியம் தப்பும், வெளிச்சம் சிதறும். உனக்கு முன்னால் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் ரோடு முன்பைவிட மங்கும், எதிரே வருகிறவர் கண் குருடாகும். 100/90 வாட் பல்பு போட்டாலும் இதே தொல்லை, கூடவே ஒயர் சூடாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி வண்டியை இப்படி மாற்றக் கூடாது. 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் கடைக்குப் போகிறவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. மங்கல் விளக்கைக் கொடுத்து அவரை அந்தக் கடைக்கு அனுப்பியது ஷோரூம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஹெட்லைட் செட் வாங்கி அனுப்பாதீர்கள். அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், டிம் லைட் வலது ஓரமாக மேலேறும். இங்கே மாட்டினால் அது நேராக எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும்.

நான்கு: "ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் கூசாதே?" ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் நிறுத்தி நடுவில் வட்டமாக ஒட்டிவிடுவார்கள். வெளிச்சத்தின் அளவு குறையுமே தவிர, அது போகும் திசை மாறாது. கூசுவது திசையால். லென்ஸின் பாதியை மறைத்தாலும் முழு பிம்பமும் மங்கலாகத் தெரியும் என்று சோதனைச்சாலையில் மெழுகுவத்தி வைத்துக் காட்டினேனே, அதே கணக்கு.

ஐந்தாவது, நம் ஊர்க்காரர்கள் சொல்வது: "கார் விளக்கு கிடக்கட்டும் சார், குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ மில்லுக்குப் போகிற டிராக்டருக்குப் பின்னால் விளக்கே இல்லையே?" மறுக்கவில்லை. ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கம் சீசனில் இருட்டில் ஓடும் டிரெய்லர்களுக்குச் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டியே ஆக வேண்டும். எஃப்.சி.க்குப் போகும் லாரிக்குப் பட்டை ஒட்டச் சொல்கிறார்கள். நாமக்கல் பாடி பட்டறையில் கட்டும் எந்த லாரியும் "பட்டை இல்லாத பேஸ் மாடல்" என்று வெளியே வருவதில்லை. டிராக்டருக்கும் அதே கண்டிப்பு வேண்டும். ஆனால் யோசியுங்கள். விளக்கில்லாத டிரெய்லரும் மங்கல் ஹெட்லைட் காரும் ஒரே ரோட்டில் சந்திக்கிற இடத்தில்தான் சாவு. இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலும் பிழைக்க வழி உண்டு. ஒருவன் தவறு இன்னொருவனுக்குச் சாக்கு ஆகாது. நாலுவழிச் சாலையில் நடுவில் அரளிச் செடி இருக்கிறது, எதிர் வெளிச்சம் கொஞ்சம் மறையும். திருச்செங்கோடு, சங்ககிரி, மோகனூர் கிளைச் சாலைகளில் அரளியும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. அங்கே கார் விளக்கை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது.

ஆகவே நான் கேட்பது மூன்று.

முதலாவது, ஒரு மாடலுக்கு ஒரே தர விளக்கு. மேல் வகைக்கு அலங்காரக் கோடு, கதவு திறந்தால் ஆடும் விளக்கு எல்லாம் வைத்துக்கொள்ளட்டும். ரோட்டில் விழும் வெளிச்சம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டாவது, டி.ஆர்.எல். இருக்கிற காரில் இருட்டினால் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் தானாக எரியும் ஏற்பாடும் இருந்தே ஆக வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மேல் வகைக்கு ஒளித்து வைக்கக் கூடாது.

மூன்றாவது, நட்சத்திர மதிப்பீட்டில் ஹெட்லைட்டுக்கு மார்க். அதுவும் காரில் மாட்டி, ராத்திரியில், ரோட்டில் அளந்து, வேரியன்ட் வாரியாக.

இனி வீட்டுப்பாடம்.

கார் வாங்கப் போகிறவர்கள்: டெஸ்ட் டிரைவை ராத்திரி ஏழு மணிக்குக் கேளுங்கள். நீங்கள் வாங்கப் போகும் அதே வேரியன்ட்டில் கேளுங்கள். டாப் மாடலில் ஓட்டவிட்டு பேஸ் மாடலை விற்பார்கள். சன்ரூஃபையும் நல்ல விளக்கையும் தனித்தனி வகையில் வைத்திருந்தால் விளக்கு உள்ள வகையை எடுங்கள்.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள்: சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். வெட்டுக்கோடு அதற்குச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். மேலே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி இறக்குங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கும். பலருக்கு அது எதற்கு என்றே தெரியாது. பின் சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும், விளக்கும் தூக்கும். அப்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். குடும்பத்தோடு போகும்போது திருப்பிவிடுங்கள். சூரியன் இறங்கியதும் டி.ஆர்.எல்.லை நம்பாமல் ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள்.

பட்டறை, எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் மாணவர்கள்: ஹாலஜன் ஹவுசிங்கில் எல்.இ.டி. பல்பு மாட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு கஸ்டமர் போவார், போகட்டும்.

கார் கம்பெனிகளில் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் புனேயிலும் வேலை பார்க்கும் மாணவர்கள் ஏழெட்டுப் பேராவது இதைப் படிப்பீர்கள். எந்த வேரியன்ட்டுக்கு என்ன விளக்கு என்று தீர்மானிக்கிற கூட்டங்களில் உங்களில் யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு பல்புக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்று அட்டவணை போடும்போது, இந்த வெளிச்சத்தில் 80 கிலோமீட்டரில் வண்டி நிற்குமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பரீட்சையில் நான் உங்களிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

உடன்பாடு இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்